மேலே போகும் எழுத்து

ஒரு சாண் எழுத்துக்கு இருபதாயிரம் குத்து.
அத்தனைக்கும் துணி பேசாமல் கிடக்கும் என்று நினைக்கிறவர்கள்தான்
"நாளைக்குத் தருவீங்களோ" என்று கேட்கிறார்கள்.

பாலையூற்றிலிருந்து ஞானலோஜினி வந்தாள்.
வெள்ளைப் பருத்திப் படுக்கை விரிப்பு.
கொப்பித்தாளில் பென்சிலால் கீறின
ஒரு ஞ, ஒரு து,
ஒரே வலையில் அகப்பட்ட இரண்டு நண்டு மாதிரி.
ஆவணியில் கலியாணம்.

"முதல் இதைத் தோய்த்துக்கொண்டு வாரும்" என்றேன்.
"புதுத்துணி அக்கா."
அதுக்காகத்தான்.
தைத்த பிறகு துணி சுருங்கும், நூல் சுருங்காது.
வற்றின கரை மணல் மாதிரி
எழுத்தைச் சுற்றி வரிவரியாய் நிற்கும்.

மூன்றாம் நாள் தோய்த்து, கஞ்சி போட்டு, கொண்டு வந்தாள்.
பிடவை கச்சான் காற்றில் காய்ந்து
அப்பளம் மாதிரி இருந்தது.

பிரேமில் போடும்போது இழுக்கக் கூடாது.
மேளத்தோல் மாதிரி விறைக்க வேணும் என்றுதான்
காமென்சில் எனக்குச் சொல்லித் தந்தார்கள்;
ஏழு வருசம் இழுத்தேன்.
இழுபட்ட இழை, பிரேம் கழன்ற நிமிடமே
தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.
குத்தின நூல் திரும்பாது.
இப்போது விரித்து, உள்ளங்கையால் ஒருதரம் தடவி,
நெடுக்கும் குறுக்கும் நேராய் நிற்குதா என்று
யன்னல் வெளிச்சத்தில் பார்த்து
திருகு அரைச் சுற்று. போதும்.

அடியில் கிழியாத தாள் இரண்டு,
ஒன்றுக்குக் குறுக்கே மற்றது.
அதே துணியின் ஓரத்தில் வெட்டின துண்டில்
முதலில் ஓட்டிப் பார்த்தேன்.
நடுவிலிருந்து வெளியே,
முதல் அடித்தையல், பிறகு மேல்தையல்,
அகலமான வளைவைச் சின்னச் சின்னதாய் உடைத்து.
எல்லாம் படுத்துக் கிடந்தது,
ஞவின் வயிற்றைத் துவின் வால் கடக்கும் வரைக்கும்.
அங்கே கொப்புளம்.

மேல்நூலின் இழுவையைத் தளர்த்தினேன்.
ஆயிரத்தில் ஓடினதை அறுநூறுக்கு இறக்கினேன்.
கொப்புளம் கொப்புளமாகவே இருந்தது.
இரண்டு பேரின் நூலும் ஒரே இடத்தில்;
துணி எங்கே போகும்?

"கடக்கிற இடத்தில் ஒரு எழுத்தை வெட்டவேணும்."
"எதை?"
"கீழ போறதை."

அவள் போனை எடுத்து மாமியைக் கேட்டாள். ஸ்பீக்கரில்.
"துவாரகன்ட எழுத்துத்தான் பிள்ளை மேல வரவேணும். அதுதான் முறை."
மெசினில் நாற்பது தினுசுத் தையல் இருக்கு.
முறை என்று ஒன்று இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
வாசலில் போய் நின்றோம்.
கோட்டைப் பக்கமிருந்து ஒரு மான் வந்து
குப்பைக் கூடையில் தலையை விட்டு
என் பின்தாள் துண்டை இழுத்தது.
பேப்பர் தின்று பழகின மான்;
இது பேப்பர் இல்லை, வயிறு கட்டும்.
அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்
றோட்டு நடுவில் இழுபட,
ஞானலோஜினி முதல்தரம் சிரித்தாள்.
தாள் கிழியவில்லை. நல்ல தாள்.

கரண்ட் வந்ததும் திரையைக் கிட்டப் பார்த்தாள்.
"எத்தனை இடத்தில் கடக்குது?"
"மூன்று."
விரலால் எண்ணினாள். இன்னொருதரம் எண்ணினாள்.
"இங்க நான் மேல. இங்கயும் நான். வாலடியில அவர்."
பிறகு போனில்:
"ஓம் மாமி, மேலதான்."

மூன்று இடத்திலும் கீழ்த்தையலை அழித்தேன்,
ஓரத்தில் ஒரு மயிரிழை மட்டும் விட்டு,
இல்லாவிட்டால் இடைவெளி பல்லிளிக்கும்.
நாற்பத்தெட்டு நிமிடம் ஓடினது.
அவள் பொபின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து
ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
நானும் ஒன்றும் கதைக்கவில்லை.

பிரேமைக் கழற்றினேன்.
துணி அசையவில்லை.
துவாயில் கவிழ்த்துப் போட்டு
முதுகுப் பக்கம் இஸ்திரி வைத்தேன்.
அந்தப் பக்கம் முழுக்க வெள்ளைப் பொபின் நூல்;
யார் மேலே, யார் கீழே, ஒன்றும் தெரியாது.
அவளைக் கூப்பிட்டுக் காட்டவில்லை.

முந்நூறு ரூபாய் குறையத் தந்தாள்.
கொப்புளம் போட்ட துண்டு
இப்போது மெசின் எண்ணெய் துடைக்கிறது.